கூட்டும்போது பறந்தது: கல் பட்டறையில் தூசு அளந்த பதிவு

எங்கள் பட்டறையில் கிரானைட் பலகைகளை அறுத்து, ஓரம் தேய்த்து, மெருகு போட்டுக் கொடுக்கிறோம். தூசு பறக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பறக்கிறது, யாருடைய மூச்சில் போகிறது, எந்த வேலையின்போது போகிறது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் கிடையாது. பாதுகாப்புப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் இதற்கு எண்ணில் பதில் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன். கிரானைட்டில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். அந்தப் படிகச் சிலிக்காவின் பொடி நுரையீரலின் அடிவரை போய்விட்டால், நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் நோய் வரலாம். வந்துவிட்டால் அந்தத் தழும்பை மாற்ற மருந்து இல்லை. படிகச் சிலிக்கா புற்றுநோயை உண்டாக்குவது என்று 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே "கொஞ்சம் தூசுதானே" என்று விட எனக்கு மனம் வரவில்லை.

மூன்று பேரை அளப்பது என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் பாயும் ரம்பத்தில் பலகை அறுப்பவர். கை கிரைண்டரால் உலர்வாக ஓரம் தேய்க்கும் அண்ணன், அவருக்கு இந்த வேலையில் 20 வருடம். அப்புறம் பலகை தூக்குவது, துடைப்பது, கூட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஓடும் தம்பி. மூவரில் யாருக்கு அதிகம் என்று பட்டறையில் கேட்டேன். ஒரே குரலில் கிரைண்டர் அண்ணனைக் காட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுவரில் ஒரு கருவியை மாட்டிவிட்டு அறையின் தூசை அளந்தால் போதாதா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கிரைண்டரின் தூசு, தேய்ப்பவரின் முகத்துக்கு ஓர் அடி முன்னால் பிறக்கிறது. நாலு மீட்டர் தள்ளிச் சுவருக்கு வருவதற்குள் அது கலைந்து மெலிந்துவிடும். சுவர் மூச்சு விடுவதும் இல்லை. அதனால் மூக்கிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டருக்குள், சட்டைக் காலரை ஒட்டி உறிஞ்சும் தலையை மாட்டி, இடுப்புப் பட்டையில் சிறிய பம்ப்பைத் தொங்கவிட்டு, ஆளோடு கூடவே நாள் முழுதும் போகவிடுவதுதான் இன்றைய முறை. இதைத் தொடங்கிவைத்தது கல் தொழில் இல்லை. பிரிட்டனின் ஹார்வெல் அணு ஆய்வு மையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் என்ற இருவர், கதிரியக்கத் துகளைத் தொழிலாளி எவ்வளவு சுவாசிக்கிறார் என்று பார்க்க, உடலில் மாட்டும் உறிஞ்சியைச் செய்து 1960-ல் எழுதி வெளியிட்டார்கள்.

எந்தத் தூசை அளப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கண்ணில் படுகிற பொடியெல்லாம் பெரிய துகள். அவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். நுரையீரலின் காற்றறைகள் வரை போவது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ளவை மட்டும். அதைப் பிரித்தெடுக்கத்தான் சைக்லோன் என்ற சின்னக் கூம்பு இருக்கிறது. உள்ளே காற்று சுழலும்போது கனமான துகள் சுவரில் மோதி அடிக்கிண்ணத்தில் விழும், நுண்ணியது மட்டும் மேலே ஏறி ஃபில்டரில் படியும். 4 மைக்ரான் துகளில் சரிபாதி உள்ளே போக வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு. ஒரு மைக்ரான் குவார்ட்ஸ் துகள் அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நாம் "தூசு அடங்கிவிட்டது" என்று சொல்லும்போது அடங்கியிருப்பது பெரிய தூசு மட்டும்.

சரி, முதல் முயற்சி. அதை முழுவதும் தூக்கிப் போட வேண்டி வந்தது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், அதே இடத்தில் வேறு யாரும் விழக் கூடாது.

கையில் கிடைத்த ஃபில்டர்கள் செல்லுலோஸ் வகை. கையில் இருந்த தராசு கிராமில் நாலு தசமம் காட்டும் ஆய்வகத் தராசு. அதாவது 0.1 மில்லிகிராம்தான் அதற்குத் தெரிந்த மிகச் சிறிய எடை. பல இடங்களில் பின்பற்றும் குவார்ட்ஸ் எல்லை ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். ஏழு மணி நேரம் உறிஞ்சினாலும் அந்த எல்லையில் ஃபில்டரில் சேரும் குவார்ட்ஸ் 0.046 மில்லிகிராம்தான். தராசின் ஒரு படியில் பாதிகூட இல்லை! எடை போடும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

செல்லுலோஸ் இன்னொரு விதத்தில் காலை வாரியது. அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். காற்றே உறிஞ்சாமல் பெட்டியிலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த மூன்று வெற்று ஃபில்டர்களை எடை போட்டேன். மூன்றும் எடை கூடியிருந்தன, அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். ஒரே மாதிரி கூடியிருந்தால் கழித்துக்கொள்ளலாம். ஒன்று கொஞ்சமும் இன்னொன்று மூன்று மடங்கும் கூடியிருந்தால் எதைக் கழிப்பது? வெற்று ஃபில்டர் வைப்பதை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் முதல் தொகுதி முழுவதும் பொய் என்று சொன்னது அந்த மூன்றுதான்.

போதாததற்கு தம்பியின் ஃபில்டரில் கறுப்பும் வெள்ளையுமாகக் குருணை கிடந்தது. சைக்லோன் அதை விடவே கூடாது. விசாரித்தேன். "சாப்பிடப் போறப்ப கழட்டி பெஞ்சுல கவுத்து வெச்சேண்ணே" என்றான். தவறு அவனுடையது இல்லை, சைக்லோனைக் கவிழ்த்தால் அடிக்கிண்ணத்துப் பொடி ஃபில்டரில் கொட்டும் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. அதிலிருந்து மாட்டும்போதே ஒவ்வொருவரிடமும் மூன்றைச் சொல்கிறேன்: கவிழ்க்காதீர்கள், டியூப்பை மடக்காதீர்கள், கழற்ற வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது முறை ஈரம் குடிக்காத பிவிசி ஃபில்டர், 37 மில்லிமீட்டர் விட்டம், 5 மைக்ரான் துளை. எடை போடும் வேலையை மைக்ரோகிராம் காட்டும் தராசு உள்ள ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். பிவிசியில் நிலைமின்சாரம் தேங்கும், தட்டில் வைத்தால் எண் நிலைகொள்ளாமல் ஓடும். அதை நீக்கிவிட்டுத்தான் எடை போட வேண்டும். ஃபில்டர்களை முதல் நாள் இரவே தராசு அறையில் திறந்து வைத்து, அந்த அறையின் ஈரத்துக்குப் பழகவிட்ட பிறகே எடை போட்டார்கள். திரும்பி வந்தபோதும் அப்படியே.

பம்ப்பின் ஓட்டத்தைச் சரிபார்த்தது என் கை வேலை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஒரு லிட்டர் குறியிட்ட கண்ணாடிக் குழாயைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் சோப்புக் கரைசலைத் தொட்டால் ஒரு மெல்லிய படலம் உருவாகும். பம்ப் காற்றை இழுக்க இழுக்கப் படலம் குழாயில் ஏறும். எங்கள் வகை சைக்லோனுக்கு நிமிடத்துக்கு 2.2 லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் கோட்டைப் படலம் 27.3 நொடியில் தொட வேண்டும். பம்ப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. ஃபில்டரும் சைக்லோனும் மாட்டியபடியே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபில்டர் காற்றைத் தடுக்கும். மூன்று தடவை நேரம் எடுத்துச் சராசரி போட்டேன். மாலையில் கழற்றியதும் மறுபடியும் மூன்று தடவை. காலைக்கும் மாலைக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மாதிரியை ஏற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஓட்டம் மாறினால் காற்றின் அளவு மட்டும் தப்பாகாது, சைக்லோன் எந்தத் துகளை விடும் என்பதும் மாறிவிடும். ஓட்டம் குறைந்தால் பெரிய துகளும் உள்ளே நுழையும். கூடினால் நுண்ணியதையும் அடிக்கிண்ணத்தில் தள்ளிவிடும்.

அளந்த நாட்களில் நான் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பட்டறையில் நின்றேன். 9:40, அண்ணன் உலர்வாகத் தேய்க்கிறார், பின்னால் விசிறி ஓடுகிறது. 11:15, தம்பி பலகை அடுக்குகிறான், விசிறிக் காற்று அவன் பக்கம். இப்படியே கால் மணிக்கு ஒரு வரி. பக்கத்தில் யாரும் நிற்காமல் பம்ப்பை மட்டும் மாட்டி அனுப்புவது பெரிய தவறு என்பது என் கருத்து. ஃபில்டர் நாள் முழுவதையும் ஒரே எண்ணாகச் சேர்த்துக் கொடுத்துவிடும். அந்த எண் எப்போது, எதனால் சேர்ந்தது என்பது அதில் இருக்காது.

பத்து நாள் கழித்து முதல் நாளின் முடிவு வந்தது. கிரைண்டர் அண்ணனின் கணக்கை அப்படியே போடுகிறேன். ஃபில்டர் முன் எடை 13.482 மி.கி., பின் எடை 14.371 மி.கி. கூடியது 0.889. வெற்று ஃபில்டர்களின் சராசரி ஏற்றம் 0.006, அதைக் கழித்தால் 0.883. ஓட்டம் காலையில் 2.21, மாலையில் 2.17, சராசரி 2.19 லிட்டர். 410 நிமிடத்துக்கு 898 லிட்டர், அதாவது 0.898 கன மீட்டர். வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 0.98 மி.கி. எட்டு மணி நேர ஷிப்ட்டில் மீதி 70 நிமிடம் அவர் பட்டறைக்கு வெளியே இருந்தார், அதைத் தூசில்லாத நேரமாக எடுத்துக்கொண்டேன். 410-ஐ 480-ஆல் வகுத்துப் பெருக்கினால் எட்டு மணி நேரச் சராசரி 0.84 மி.கி.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தனி எல்லை இல்லாத சாதாரண நுண்தூசுக்கு வைத்திருக்கும் எல்லை கன மீட்டருக்கு 5 மி.கி. அதோடு ஒப்பிட்டால் 0.84 என்பது ஒன்றுமே இல்லை. இந்த இடத்தில் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். நாங்கள் ஃபில்டரைக் குவார்ட்ஸ் பார்க்க எக்ஸ் கதிர்ச் சோதனைக்கும் கொடுத்திருந்தோம். தூசில் 28 சதவீதம் குவார்ட்ஸ். அப்படியானால் எட்டு மணி நேரத்துக்கு 0.235 மி.கி. குவார்ட்ஸுக்கு ஓஷா 2016-ல் கொண்டுவந்த எல்லை 0.05. அதில் பாதியைத் தொட்டாலே நடவடிக்கை தொடங்க வேண்டும் என்கிறது அதே விதி. எங்கள் அண்ணன் எல்லையைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கில் நிற்கிறார். தூசின் மொத்த எடையை மட்டும் பார்த்திருந்தால் அவரிடம் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அப்புறம் தம்பியின் தாளைத் திருப்பினேன். 1.02 மி.கி., 891 லிட்டர், கன மீட்டருக்கு 1.145. எட்டு மணி நேரத்துக்கு 0.97, அதில் குவார்ட்ஸ் 26 சதவீதம், ஆக 0.25 மி.கி. அண்ணனைவிட அதிகம். ஆய்வகத்தில் ஃபில்டர் மாறிவிட்டதோ என்று எண்களைச் சரிபார்த்தேன். மாறவில்லை. மூன்று நாள் அளந்ததில் அண்ணனுக்கு 0.24, 0.13, 0.31. தம்பிக்கு 0.25, 0.19, 0.36. மூன்று நாளும் தம்பிதான் மேலே. ரம்பக்காரருக்கு 0.06, 0.04, 0.05. ஒரே ஆள், ஒரே வேலை, ஆனாலும் நாளுக்கு நாள் இரண்டு மடங்கு மாறுவது தூசில் சகஜம். ஒரே நாள் அளந்துவிட்டு எல்லைக்குள் இருக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பியத் தரம் ஒன்று, மூன்றே மாதிரி எடுத்தால் மூன்றும் எல்லையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அது ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று இந்த எண்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

தம்பிக்கு ஏன் இவ்வளவு? நல்ல வேளையாக முதல் நாள் அவனுக்கு இன்னொரு கருவியும் மாட்டியிருந்தேன். துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து நொடிக்கு நொடி தூசைக் காட்டும் சின்ன மீட்டர். அதன் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. தொழிற்சாலையிலேயே வேறொரு சோதனைத் தூசை வைத்து அளவு குறித்திருப்பார்கள், நம் தூசின் நிறமும் உருவும் வேறு. ஃபில்டரோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அன்றைய மீட்டர் சராசரி 0.74, ஃபில்டர் சொன்னது 1.145. ஆக மீட்டர் எண்ணை 1.55-ஆல் பெருக்கிக்கொண்டேன்.

மீட்டர் வரைந்த கோட்டைத் திரையில் விரித்துப் பார்த்தபோது பகலெல்லாம் தாழ்வாக ஓடியது, மாலை 4:35-க்குச் சுவர் மாதிரி எழுந்து நின்றது. நோட்டுப் புத்தகத்தில் அந்த நேரத்துக்கு நேராக என் கையெழுத்து: "தம்பி உலர்வாகக் கூட்டுகிறான். காம்ப்ரசர் குழாயால் உடுப்பை ஊதிக்கொள்கிறான்." 25 நிமிடம். மீட்டரில் அந்த நேரத்துச் சராசரி 5.8, திருத்தினால் 9 மி.கி. ஒன்பதை 25-ஆல் பெருக்கினால் 225. நாள் முழுவதற்கும் 1.145-ஐ, அவனது பம்ப் ஓடிய 405 நிமிடத்தால் பெருக்கினால் 464. நாளில் அவன் சுவாசித்த தூசில் ஏறக்குறைய பாதி, வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த அந்த 25 நிமிடத்தில்.

மீதிப் பாதிக்கு விடை விளக்கில் கிடைத்தது. பட்டறை விளக்குகளை அணைத்து, நேர்கற்றையாக ஒளி வீசும் பலமான விளக்கை ஒரு பக்கம் வைத்து, விளக்கு கண்ணில் படாமல் அட்டையால் மறைத்துக்கொண்டு, விளக்கை நோக்கியபடி நின்று பார்க்க வேண்டும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நுண்தூசு, ஒளிக்கற்றைக்குள் புகைபோலச் சுழல்வது தெரியும். அண்ணன் தேய்க்க ஆரம்பித்ததும் அவரது தூசு எழுந்து, அவருக்குப் பின்னால் வைத்திருந்த விசிறிக் காற்றில் சாய்ந்து, நேராகப் பலகை அடுக்குமிடத்துக்குப் போனது. தம்பி பாதி நாள் நிற்கும் இடம் அது. விசிறியை அந்த இடத்தில் வைத்தவர் அண்ணனேதான், தன் முகத்தில் தூசு அடிக்காமல் இருக்க. விளக்கில் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு, "இத்தனை நாளா அவன் மேலயா அடிச்சேன்?" என்று கேட்டார். அன்றே விசிறியை எடுத்து ஓரமாக வைத்தார். எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த ஒரு பார்வை செய்ததைச் செய்திருக்காது.

மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்வாகக் கூட்டுவது நின்றது. நுண்தூசைப் பிடிக்கும் உயர்தர ஃபில்டர் வைத்த வாக்குவம் கிளீனர் வந்தது. சாதாரண வாக்குவம் உதவாது, அது நுண்ணிய துகளைப் பின்பக்கமாகத் திரும்பக் காற்றில் விட்டுவிடும். காம்ப்ரசர் குழாயின் உடுப்பு ஊதும் முனையைக் கழற்றி எடுத்துவிட்டோம். ஓரம் தேய்க்க, தண்ணீர் பாயும் கிரைண்டருக்கு மாறினோம், மின்சாரத்தில் ஓடுவதை விட்டுக் காற்றழுத்தத்தில் ஓடுவதாக. ஈரத்தில் மின்சாரக் கருவியைப் பிடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மாஸ்க் தொடர்கிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உறிஞ்சும் தலை மாஸ்க்குக்கு வெளியே இருக்கிறது, அதனால் மேலே உள்ள எண்களெல்லாம் மாஸ்க்கைக் கழித்த எண்கள் இல்லை.

எல்லாம் ஆறு வாரம் ஓடிப் பழகிய பிறகு மறுபடி மூன்று நாள் அளந்தோம். தம்பிக்கு குவார்ட்ஸ் 0.08, 0.06, 0.07. அண்ணனுக்கு 0.07, 0.05, 0.09. நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் எல்லைக்குக் கீழே வரவில்லை. முடிவுத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது இதை மறைக்காமல் எழுதினேன்.

ரம்பக்காரரின் எண்தான் என்னை உட்காரவைத்தது. 0.04, 0.05, 0.05. முன்பு எவ்வளவோ இப்போதும் ஏறக்குறைய அவ்வளவே. தண்ணீரில் அறுப்பவருக்கு இது எங்கிருந்து வருகிறது? மீட்டரை அவருக்கு மாட்டிப் பார்த்தேன். கோடு காலை முதல் ஒரு மணி நேரம் உயர்ந்திருந்து, தரை நனைந்ததும் இறங்கியது. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்த் தரையைப் பார்த்தேன். ரம்பத்திலிருந்து முந்தின நாள் வழிந்த கல் குழம்பு இரவில் காய்ந்து வெள்ளைப் படலமாகப் படிந்திருந்தது. காலால் மெல்லத் தேய்த்தாலே மாவாகக் கிளம்பியது. ஈரமாக இருக்கிற வரைதான் அது சேறு.

இப்போது ரம்பத்தை நிறுத்தியதும், ஈரம் காயும் முன்பே தரையைக் கழுவிக் குழம்பை வடிகால் தொட்டியில் தள்ளிவிடுகிறோம். தொட்டியின் சேற்றையும் ஈரத்தோடேயே அள்ளி மூடிய பையில் கட்டுகிறோம். அடுத்த சுற்றுக்கான ஃபில்டர்கள் தராசு அறையில் இருக்கின்றன, பன்னிரண்டும் மூன்று வெற்றும். இந்த முறை ரம்பக்காரரின் பம்ப்பை அவர் பட்டறைக்குள் கால் வைக்கும் முன்பே ஓடவிடப் போகிறேன்.